ஆபீஸ் வாசலில் இறங்காத ஆஸ்டின்

ஈப்போ பக்கத்துப் பதினோராங்கட்டை ரப்பர் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஆபீஸ் வாசலைத் தாண்டும் தொழிலாளி உட்கார்ந்தபடி தாண்டக் கூடாது. சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். மாட்டு வண்டியில் வந்தால் இறங்கி நடக்க வேண்டும். ஒருமுறை பாடையில் போன பிணத்தைக்கூட அந்த இடத்தில் நிமிர்த்திப் பிடித்தார்களாம். படுத்திருப்பதும் உட்கார்ந்த கணக்கில் வருமா என்பதில் அவர்களுக்குச் சந்தேகம்.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்ப் பல வருஷம் ஆகியும் சட்டம் கப்பலேறவில்லை. துரை உட்கார்ந்த நாற்காலி ஆபீஸில் இருந்தது. ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி ஞானசேகரம் தினமும் அதைத் துடைத்து வைத்தார். மரியாதையெல்லாம் இப்போது அந்த நாற்காலிக்கு.

ரப்பர் பால் லாரி ஓட்டுகிற சன்னாசிக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பென்ஷனில் போகும்போது தன் பழைய ஆஸ்டின் காரைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் சட்டத்துக்கே சிக்கல் வந்தது. தொழிலாளி காரில் வருவான் என்று சட்டம் போட்டவன் கனவிலும் நினைக்கவில்லை. கிராணி ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "காரும் சைக்கிள்தான் ஓய். சில்லு மட்டும் ரெண்டு கூட. இறங்கித் தள்ளும்."

சன்னாசி தள்ளினார். அவர் மனைவி கருப்பம்மாளும் இறங்கித் தள்ளினாள். தீபாவளிக்குப் பட்டுச் சேலையோடு தள்ளினாள். நாளடைவில் அது ஆஸ்டினுக்கே பழக்கமாகி, ஆபீஸ் கூரை கண்ணில் பட்டதுமே என்ஜின் தானாக அணைந்துவிடும். மரியாதை தெரிந்த கார் என்று கிராணி பாராட்டினார்.

எழுபத்தொன்பதில் கம்பெனி தோட்டத்தை விற்றது. வாங்கியவர்கள் ரப்பரை வெட்டிச் செம்பனை நடப்போகிறார்கள்; தொழிலாளர்கள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். சன்னாசி ஈப்போவில் புந்தோங் பக்கம் வீடு பார்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்டின் உயிரை விட்டது.

"பின்வழியால லொறி வரும். பழைய இரும்போட இரும்பா ஏத்தி விடும்" என்றார் கிராணி.

"முன்வழியாத்தான் வந்திச்சு, முன்வழியாத்தான் போவும்ங்க."

"முன்வழியெண்டால் சட்டம் தெரியுந்தானே? தள்ளவேணும்."

சன்னாசி வீட்டுக்கு வந்தார்.

"செத்த காருக்கு என்னா வீம்பு ஒங்களுக்கு?" என்றாள் கருப்பம்மாள்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உக்காந்துகிட்டு அந்த ஆபீஸத் தாண்டணும் புள்ள."

"அப்ப நா எங்க உக்கார்றது?"

"பக்கத்துல."

"அப்பன்னா சரி."

ஆனால் ஆபீஸ் வாசலை ஒட்டி, வாய்க்கால் மேல் ஒரு பலகைப் பாலம் இருந்தது. துரை காருக்காகப் போட்டது. லாரிக்கு அனுமதி இல்லை. கோழி கடந்தாலே முனகும். ஆகவே காரை ஏற்றிப் போக ஒரு டிரெய்லர் வேண்டும். அதுவும் பாலத்துக்கே தெரியாத கனத்தில் வேண்டும்.

கருப்பம்மாளின் தம்பி பத்துமலை ஈப்போவில் டாட்சன் பிக்கப் வைத்திருந்தான். சன்னாசியும் அவனும் லகாட் ரோட்டில் டிரெய்லர் செய்து வாடகைக்கு விடும் சீன முதலாளி ஆ ஃபோக்கின் பட்டறைக்குப் போனார்கள்.

ஆ ஃபோக் முதலில் கூரையும் கதவும் வைத்த பெட்டி டிரெய்லரைக் காட்டினார். "இது நல்லா இருக்கு லா. மழ வந்தா கார் நனையாது."

சன்னாசி உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "உள்ள உக்காந்தா நான் வெளிய தெரிவேனா தவுக்கே?"

"தெரியாது. ஏன் தெரியணும்?"

"தெரியறதுக்குத்தான போறேன்."

அடுத்தது திறந்த டிரெய்லர்தான். ஆனால் தளம் முழுக்க இரும்புத் தகடு. ஈயம் தோண்டும் கப்பலை உடைத்த இரும்பு. அதை இறக்கிவைத்த அன்று பக்கத்து ஈயக் குட்டையில் தண்ணீர் கரையேறியதாம்.

"மச்சான், இது ஆனயே தாங்கும்!" என்றான் பத்துமலை.

"ஆன பாலத்தத் தாண்டுமா மச்சான்?"

பின்பக்கம் ரம்புத்தான் மரத்தில் கயிறு போட்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஒல்லியான இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், கார் டயர் ஏறி நிற்க இரண்டு நீளப் பலகை. நடுவில் ஒன்றுமே இல்லை; புல் தெரிந்தது.

"ஏன் கட்டிப்போட்டிருக்க?"

"காத்து அடிச்சா தைப்பிங் ஊருக்கே பறந்துடும் லா" என்றார் ஆ ஃபோக், சிரிக்காமல்.

சன்னாசி கயிற்றை அவிழ்த்து, கொக்கியை ஒரு கையால் தூக்கி இழுத்தார். ஆட்டுக்குட்டி போலப் பின்னாலேயே வந்தது. ஒட்டுப் போட்ட இடங்களைச் சுத்தியலால் தட்டினார், சக்கரத்தை அசைத்தார், டயரை உதைத்தார். பிறகு இதுதான் என்றார்.

"ரிங்கான் அண்ணே, ரொம்ப லேசு லா! கனமா ஏத்தினா வளஞ்சிடும்."

"என்ஜினக் கழட்டிருவோம். செத்தது அதுதான? அது பின்வழியா போவட்டும்."

வீடு காலி செய்யும் நாள் காலையில் ஆஸ்டினை டிரெய்லரில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்கினார்கள். சன்னாசி வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் கருப்பம்மாள், அந்தப் பட்டுச் சேலையில். பத்துமலை பிக்கப்பை நகர்த்தினான். லயமே பின்னால் நடந்தது.

ஆபீஸ் கூரை தெரிந்தது. வழக்கம்போல அணைந்து போக ஆஸ்டினிடம் என்ஜின் இல்லை. ஆனால் சன்னாசியின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. கருப்பம்மாள் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

கிராணி ஆபீஸிலிருந்து ஓடிவந்து, பாலத்தின் அந்தக் கோடியில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிக்கப்பும் டிரெய்லரும் பாலத்தின் மேல் நின்றுவிட்டன.

"இறங்கும் ஓய்!"

"நான் ஓட்டலீங்க ஐயா. ஓட்டுறவன் தோட்டத்து ஆளு இல்ல. காரும் தரையில இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஏத்திவச்ச சாமான்."

"சாமான் கதைக்குமோ?"

"கேட்டா சொல்லும்ங்க."

பின்னால் லயம் சிரித்தது. கிராணி கோபத்தோடு பாலத்தின் நடுவை நோக்கி வந்தார். பாலம் நீளமாக முனகியது. சன்னாசி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஐயா, பிக்கப்பு, டிரெய்லரு, காரு, நானு, இவ, எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துத்தான் லேசான டிரெய்லரா எடுத்தேன். ஒங்களத்தான் கணக்குல சேக்கல."

கிராணியின் இரண்டு சப்பாத்துக் காலுக்கும் நடுவே ஒரு பலகை படீரென்று விரிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து சன்னாசியைப் பார்த்தார்.

"நீங்க போங்க ஐயா. நான் இறங்கறதா இல்ல."

கிராணி பின்னுக்கு நடந்து, பாலத்தைவிட்டு இறங்கி, வழியோரம் ஒதுங்கினார். அந்த வாசலில் முதன்முதலாக ஒரு தொழிலாளி உட்கார்ந்து போக, கிராணி நின்றுகொண்டிருந்தார்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் பத்துமலை தலையை வெளியே நீட்டினான். "நேரா ஈப்போதான மச்சான்?"

"தம்பி, பின்வழியா சுத்தி மறுபடி உள்ள போலாம்" என்றாள் கருப்பம்மாள்.

"எதுக்குக்கா?"

"பயத்துல கண்ண மூடிட்டேன்டா. ஆபீஸயே பாக்கல."

என்ஜினே இல்லாத அந்த ஆஸ்டின் அன்று தோட்டத்தைவிட்டு மூன்று முறை வெளியேறியது. இரண்டாவது தடவை கருப்பம்மாளுக்காக. மூன்றாவது தடவை எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அப்போது கிராணி ஆபீஸ் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார். உள்ளே இருக்கிறவருக்குக் கேட்க வேண்டுமே என்று சன்னாசி ஹாரனை அழுத்தினார். பாட்டரியைக் கனத்துக்காக முந்தின நாளே கழற்றியாகிவிட்டது. ஆனாலும் ஹாரன் அடித்தது. லயமே அதைக் காதால் கேட்டது.