ஐந்தாம் நாள் படம்

நேர்காணல் மூன்று மணிக்கு. பதினொரு மணிக்கே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டேன். முனைவர் பட்டம் முடிக்கிற கையோடு ஆராய்ச்சியில் நீடிக்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் தன் ஆய்வகத்தில் இடம் தர வேண்டும். இரண்டு பேர் ஏற்கெனவே நாசூக்காகக் கையை விரித்துவிட்டார்கள். இது மூன்றாவது. இதுவும் போனால் விண்ணப்பிக்க வேறு இடம் இல்லை.

அக்காவைக் கடைக்கு அரை நாள் லீவு போட வைத்திருந்தேன். அவள் தையல்காரி. என் ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது முடிகிற வழியாக இல்லை என்பது மட்டும்தான். அவளைக் கட்டிலில் உட்கார்த்தி, மேசையில் கணினியைத் திருப்பி வைத்தேன்.

"நீதான் இன்டர்வியூ பண்றவ. நடுவுல கேள்வி கேக்கணும்."

"எனக்குப் புரியாததெல்லாம் கேட்டா சாயங்காலம் ஆயிடும்டி."

ஆறு ஸ்லைடுகள் தடங்கலில்லாமல் ஓடின. ஏழாவதுதான் உயிர்நாடி. தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களுக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்துவிட்டு, முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் எடுத்த மூன்று படங்கள். ஐந்தாம் நாளிலும் செல்கள் சுருங்கியே கிடக்கும். மருந்தின் பிடி அத்தனை நாள் விடவில்லை என்பதுதான் நான் வெளியிட்ட கட்டுரை. இன்று என்னைக் கூப்பிட்டிருப்பதும் அதற்காகத்தான்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இந்த ரெண்டும் ஒரே படம்தானே?"

"ஒண்ணு மூணாம் நாள், ஒண்ணு அஞ்சாம் நாள். கீழ எழுதியிருக்கே."

"எழுத்த விடு. இதைத் தலைகீழாப் போட்டா அது. இந்த மூலையில மூணு சேர்ந்து நிக்குது பாரு, அது அங்க கீழ வந்திருக்கு."

பூப்போட்ட துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் பூவோடு பூ சேரும்படி வெட்டுகிறவள். அந்தக் கண் ஏமாறாது என்று தெரிந்தும் எரிந்து விழுந்தேன். "தெரியாத விஷயத்துல மூக்க நுழைக்காத." சொல்லிக்கொண்டே ஒரு படத்தைத் திருப்பி இன்னொன்றின் மேல் வைத்தேன். மயிரிழைகூட விலகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்புகளைத் திறந்தேன். மூன்றாம் நாள் ஒரே தட்டை இரண்டு முறை படம் எடுத்திருக்கிறேன், இரண்டாவது முறை தட்டைத் திருப்பி வைத்து. அந்த இரண்டாவது படத்துக்கு ஐந்தாம் நாள் என்று பெயர் போட்டிருக்கிறேன். உண்மையான ஐந்தாம் நாள் படம் பெயரே இல்லாமல், வெறும் எண்ணோடு அடியில் கிடந்தது. அதில் செல்கள் மறுபடி கால் நீட்டிப் பரவியிருந்தன. மருந்து கைவிட்டுவிட்டது. செல்களை எண்ணியதும் அந்தத் தவறான படத்தை வைத்துத்தான். ஆக, கணக்கும் பொய்.

அக்கா பயந்துபோனாள். "நான் டெய்லர்டி. எனக்கு என்ன தெரியும், தப்பாச் சொல்லியிருப்பேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்க."

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

இருந்திருக்கலாம்தான். மாலை ஆறு மணிக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவள் மேல் எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

என் கைடுக்குப் போன் செய்தேன். அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அந்த லேப்காரங்க யாராவது இதைக் கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"கேக்கலன்னா நீயா எதுவும் சொல்லாத. வேலை கிடைக்கட்டும். அப்புறம் நிதானமா திருத்திக்கலாம்."

அந்த 'அப்புறம்' எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்லைடை மாற்றவில்லை. மூன்று முறை பாத்ரூம் போனேன். அக்கா கொடுத்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. கேட்கமாட்டார்கள், ஊரில் இத்தனை பேர் பார்த்து யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் திரையில் மூன்று சதுரங்கள். ஆய்வகத் தலைவி, வெள்ளைத் தாடி வைத்த ஒரு பேராசிரியர், முகம் தெரியாத ஒரு கறுப்புச் சதுரம். "எங்க குழுவில ஒரு ஸ்டூடண்ட், சும்மா கேட்டுட்டிருப்பார்" என்றார் தலைவி.

ஆறாவது ஸ்லைடு முடிந்தது. ஏழாவது வந்தது. மூலையில் அந்த மூன்று செல்கள் சேர்ந்து நின்றன. இனி அதைத் தவிர என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது என்று புரிந்தது. வேலை கிடைத்தாலும் தினமும் இதைத்தான் பார்த்துப் பயந்துகொண்டிருப்பேன்.

"இந்தப் படம் தப்பு," என்றேன். "அஞ்சாம் நாள்னு போட்டிருக்கிறது மூணாம் நாள் படம். காலையிலதான் தெரிஞ்சது. உண்மையில அஞ்சாம் நாள் செல்லெல்லாம் திரும்ப வளந்துடுது. கட்டுரையும் தப்பு."

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் கண்டுபிடிச்சது?" என்றார் தலைவி.

"எங்க அக்கா."

"எந்த லேப்ல இருக்காங்க?"

"தையல் கடையில."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது கறுப்புச் சதுரம் விழித்துக்கொண்டது. சவரம் செய்யாத முகம், தூக்கமில்லாத கண். கட்டிய கையைப் பிரிக்காமலே பேசினார்.

"எட்டு மாசமா உங்க பரிசோதனையைத்தான் நான் செஞ்சுட்டிருக்கேன். பதினாலு தடவை. அஞ்சாம் நாள் எனக்கு எப்பவும் வளந்துடும். எனக்கு லேப் வேலை வரல, என் கைதான் சரியில்லன்னு சொன்னாங்க. போன வாரம் படிப்பை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். என் பயம் முழுவதும் என் வேலையைச் சுற்றியே இருந்தது. இப்படி ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"அப்ப என் கை சரிதானா?" என்று அந்த மாணவர் கேட்டார்.

"சரிதான்," என்றேன். "பதினாலு தடவையும் சரி."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு அடுத்த ஸ்லைடுக்குப் போகத் தெரியவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.