ஆறாவது டாக்கில் நெல்

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் ஒரே பெண் ஏஞ்சலின். செப்டம்பரில் ஒருநாள், மதியம் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

கேட்டுக்கு வெளியே, லாரிகளுக்காகப் போட்ட சிமெண்ட் ரோட்டின் ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஊரின் நெற்களம் இருந்த இடத்தில்தான் இன்று குடோன் நிற்கிறது. சந்திரகலாவும் அவள் கணவர் பச்சையப்பனும் அவசர அவசரமாக நெல்லை வாரிக் குவித்தார்கள். பாதிதான் மூட்டையில் ஏறியிருந்தது. அவர்களுடைய டிராக்டர் பெரியபாளையம் போயிருந்தது.

அந்த வீட்டு நிலத்தில் ஏஞ்சலினின் அம்மா கங்கம்மா இருபது வருஷம் கூலிக்கு அறுத்தவள்.

"இன்னாம்மா, தார்ப்பாய் இல்லியா?"

"போன மழைக்கே கிழிஞ்சிப் போச்சி ஏஞ்சலு. நீ கெளம்பு, நனைஞ்சிடப் போற."

ஏஞ்சலின் கிளம்பவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மேனேஜர் நர்மதாவிடம் போனாள்.

"மேடம், ஆறாவது டாக் காலியாத்தானே கீது? அந்த லோடு ஏத்துற மேடைல நெல்லு மூட்டைய வச்சிக்கட்டுமா?"

"வெளிச் சரக்கு உள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் மேடம். ஆனா அவங்க களத்து மேலதான் நாம நிக்கிறோம்."

சண்டைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நர்மதா எழுந்து ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். புடவையை வரிந்து கட்டிய ஒரு பெண், நெல்லை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்குக் கண்டெய்னர் வருது. அது வரைக்கும்தான். கேட்ல நான் சொல்றேன்."

வீட்டுக்குக் கிளம்ப கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஃபோர்க்லிஃப்ட் கேட்டை நோக்கிப் போவதைப் பார்த்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் சுற்றுவட்டாரத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகள். நெல் வாரத் தெரியாத கை அதில் ஒன்றுகூட இல்லை. சிலர் கூட்டினார்கள், சிலர் மூட்டை பிடித்தார்கள். கட்டிய மூட்டைகளை மரப்பலகைகளில் அடுக்கி, அட்டைப் பெட்டிகளுக்குச் சுற்றும் பிளாஸ்டிக் தாளை அதே வேகத்தில் சுற்றினார்கள். ஏஞ்சலின் ஒரு நடைக்கு எட்டு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசி நடை கூரைக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பச்சையப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நாலு ஆளு முக்குற வேலை. நீ ஒக்காந்துகினே முடிச்சிட்டியேம்மா."

கண்டெய்னர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. டிரைவர் மேடையை எட்டிப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி லோடு?" என்று கேட்டான்.

"எங்க கம்பெனிதாம்பா," என்றாள் சந்திரகலா. "சந்திரகலா அண்ட் கோ."

மேடையே சிரித்தது. அதிகம் சிரித்தது நர்மதாதான். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, டிராக்டர் வரும் வரை அவனை உட்கார வைத்தாள். பின்பக்கம் டிரெய்லர் நிறுத்தும் இடம் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அறுப்புக் காலத்தில் அதை ஊருக்கு விடலாமா என்று மேலிடத்துக்கு எழுதினாள். பத்து நாளில் சரி என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலின் சர்ச்சிலிருந்து திரும்பியபோது, வீட்டு வாசலில் புது அரிசிப் பையோடு சந்திரகலா நின்றிருந்தாள். கூலி நெல்லைக்கூடத் தெருமுனையில் நின்றே அளந்து கொடுத்த குடும்பம் அது. இந்தத் தெருவுக்குள் அவள் வந்தது அதுதான் முதல்தடவை.

கங்கம்மா பதறிப்போய் நாற்காலியைத் தேடினாள். அதற்குள் சந்திரகலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாசனை தெருவுக்கே வருது. இன்னா கொழம்பு அக்கா?"

அந்த 'அக்கா'வைக் கேட்டு கங்கம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"மடவை மீனு."

"எனக்கும் ஒரு தட்டு போடு."