பனிக்கப்பலின் மூக்கு

ரெஜினை நான் அன்று காலையிலேயே கொன்றிருப்பேன். வண்டியில் இருந்தவர்கள் விடவில்லை.

ரெஜின் என் தங்கை ஷிஜியின் புருஷன். விசா எடுத்துக் கொடுத்து அவனை ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த, பழைய கப்பல் உடைக்கிற யார்டுக்குக் கொண்டுவந்த மடையன் நான்தான். லீவில் ஊருக்குப் போனவன் நேந்திரங்காய் வற்றலோடு திரும்பி வந்து, ரூமில் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் கொடுத்தான். நானும் ஒரு பிடி தின்றேன். மறுநாள் சாயங்காலம் ஷிஜி போன் பண்ணினாள். இடது காது கேட்கவில்லையாம். சவ்வு கிழிந்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். எப்படிக் கிழிந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம், அதற்கு ஒரு அறை.

அடுத்த நாள் காலையில் நாங்கள் தங்கியிருந்த அல் குசைஸ் லேபர் கேம்பிலிருந்து யார்டுக்குக் கிளம்பிய கம்பெனி வண்டியில் அவன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினேன்.

“எந்தக் கையாலே அடிச்ச? காட்டு, இப்பவே ஒடிக்கேன்.”

அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். ஒரு பல் ஆடியது. ஃபோர்மேன் மூசா காயல்பட்டினத்துக்காரர், பொறுமைசாலி. அவர்தான் நடுவே விழுந்து பிரித்தார்.

“ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே எடத்துல நிக்கக் கூடாது. ரெஜின், நீ மூக்குத் தொட்டிக்குள்ள எறங்கு. ஞானசிங்கு, நீ வெளிய நில்லு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது.”

மூக்கு என்றால் கப்பலின் மூக்கு; அதற்குள் இருக்கிற பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டியைத்தான் மூசா சொன்னார். நாங்கள் அப்போது வெட்டிக்கொண்டிருந்தது பனி உடைக்கிற கப்பல். வடக்கே ஏதோ ஒரு நாட்டின் கடலோரக் காவல் படையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தது. அங்கே கடல் உறைந்து பாறையாகிவிடுமாம். இது அந்தப் பாறைமேல் மூக்கை ஏற்றி, தன் கனத்தால் அமுக்கி உடைத்து, நடுவில் மாட்டிக்கொண்ட கப்பல்களை வெளியே கொண்டுவந்திருக்கிறது. வயதானதும் விற்றுவிட்டார்கள். 2006 ஆகஸ்டில், தோல் உரியும் வெயிலில், இழுத்துவந்து எங்கள் யார்டுக் கரையில் ஏற்றினார்கள். கேபினுக்குக் கேபின் ஹீட்டர். அலமாரி நிறையக் கம்பளிக் கோட்டு. ஹெல்பர் வாசு ஒன்றை மாட்டிக்கொண்டு ஆடிக் காட்டி, மயங்கி விழப் பார்த்தான்.

மற்றக் கப்பல்களைப் பழைய வேட்டி கிழிப்பது மாதிரி கிழித்துவிடுவோம். இதன் மூக்குத் தகடு மூன்று விரல் தடிப்பு. உள்ளே தகட்டைத் தாங்க முழத்துக்கு ஒரு இரும்பு விலா. ஐஸ் உள்ளே வரக் கூடாது என்று கட்டிய இரும்பு, கேஸ் கட்டருக்கு மட்டும் சுலபமாக வழி விடுமா? எங்களைப் போட்டு வதைத்தது.

ரெஜின் தொட்டிக்குள் வெட்டிக்கொண்டிருந்தபோது, மேல்தட்டில் நங்கூரம் இழுக்கிற வின்ச்சைக் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. கம்பி அறுந்தது. அவ்வளவு இரும்பும் தொட்டியின் மூடிமேல் விழுந்தது. உள்ளே போக, வர இருந்த ஒரே வழி அதுதான். ரெஜினின் கேஸ் குழாய் நசுங்கிவிட்டது. மூசா ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். ஆனால் உள்ளே பழைய பெயின்ட் பற்றிப் புகையத் தொடங்கியிருந்தது. மூடி இடுக்கில் கறுப்புப் புகை வந்தது. வின்ச்சைத் தூக்கப் பெரிய கிரேன் அஜ்மானிலிருந்து வர வேண்டும்.

நான் கீழே, மூக்குக்கு அடியில் நின்றிருந்தேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவே நினைத்தேன். அப்புறம் ஷிஜி வெள்ளைச் சேலையில் கல்லறைத் தோட்டத்தில் நிற்பது கண்ணில் வந்தது. இருபத்தேழு வயதுதான் அவளுக்கு. கட்டரைப் பற்றவைத்தேன்.

மூசா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். “நில்லுப்பா. உள்ள கேஸ் நின்னா மொத்தமா வெடிச்சுரும். ஃபயர் சர்வீஸ் வந்துரட்டும்.”

“வாரதுக்குள்ள அவன் கரியாயிருவான்.”

“நீயும் சேந்து போவ.”

விடவில்லை. இடது கையால் அவர் மூக்கில் குத்தினேன். ரத்தத்தோடு மணலில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், பாவம். அதற்குமேல் யாரும் கிட்டே வரவில்லை.

சுத்தியலால் தட்டி, இரண்டு விலாவுக்கு நடுவில் இடம் பார்த்து, முதலில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். வெடிக்கவில்லை. புகைதான் பீறிட்டது. வாசு பதறிப்போய் ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவந்தான். அதை உள்ளே விட்டால் ரெஜின் சட்டையோடு எரிந்திருப்பான். வாசுவை ஒரு உதை விட்டு, கம்ப்ரசர் காற்றுக் குழாயைக் கொண்டுவரச் சொல்லிச் சொருகினேன். உள்ளே இருமல் கேட்டது.

“மச்சான்… வெட்டு மச்சான்.”

நான் கட்டரை அணைத்தேன். என்ன பேய் பிடித்ததோ, அணைத்தேன்.

“ஷிஜிமேல இனி கை வைப்பியாலே?”

“வெட்டு மச்சான், மூச்சு முட்டுது.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“வைக்க மாட்டேன். அம்மை மேல சத்தியம். மாதா மேல சத்தியம்.” அழுதான். வண்டியில் என் பல்லை ஆட்டியவன் குழந்தை மாதிரி அழுதான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மறுபடி பற்றவைத்து வெட்டினேன். வாசு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் கொதித்து என் முகத்திலேயே தெறித்தது. உருகிய இரும்பு கிளவுஸுக்குள் விழுந்து இரண்டு விரல்களின் தோலைத் தின்றது. கையை உதறவில்லை, உதறினால் வெட்டு கோணும். அந்தக் கப்பலை, அதைக் கட்டினவனை, விற்றவனை, வாங்கினவனை, என் வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். கடைசியில் தகடு பெயர்ந்து என் காலுக்கு ஒரு சாண் தள்ளி மணலில் புதைந்தது.

ரெஜினின் தலையும் ஒரு கையும் வெளியே வந்தன. தோள் விலாவில் மாட்டிக்கொண்டது. தலைமுடியிலும் கையிலும் பிடித்து, கப்பலில் கால் ஊன்றி இழுத்தேன். தோள் மளுக்கென்று கழன்றது. சூட்டில் நெஞ்சுத் தோல் உரிந்து இரும்பில் ஒட்டிக்கொள்ள, அலறிக்கொண்டே என்மேல் விழுந்து கறுப்பாக வாந்தி எடுத்தான். யார்டே கை தட்டியது. மூசா மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து என் முதுகில் தட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தோளை ஏற்றி, புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். மேனேஜரே நேரில் வந்து அவனுக்கு மூன்று மாத லீவும் டிக்கெட்டும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கையில் கட்டோடு நான் வெளியே வந்து ஷிஜிக்குப் போன் பண்ணினேன்.

“இருண்ணே, வலது காதுக்கு மாத்துறேன்,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். “இனி ஒன்மேல கை வைக்க மாட்டான் பிள்ளே. மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கான்.”

“எப்பவும் பண்ணுவாருண்ணே.”

“இது அப்படியில்ல. சாவப் பாத்துட்டு வந்திருக்கான். மூணு மாசம் லீவு, வெள்ளிக்கிழமை அங்க வந்துருவான். நீ பக்கத்துல இருந்து பாத்துக்க.”

அவள் மெதுவாகக் கேட்டாள்:

“அவர எதுக்குண்ணே வெளிய எடுத்தே?”