நடுவில் காணாமல் போன அக்கா

வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள். சாப்பிடும்போதே எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், சாத்திய ஜன்னலைத் திறப்பாள். அப்படிப்பட்டவள் எப்படி ஒரு நாவலை எழுதி முடித்தாள் என்பது அவள் கணவருக்கே விளங்கவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை மேசையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுவாள் போல உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்தும்விட்டாள். தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

பெரிய பதிப்பகங்கள் எழுதுகிறவரிடமிருந்து நேராக எதையும் வாங்கிப் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியவந்தது. நடுவில் ஒரு முகவர் வேண்டும். நாவலைப் படித்து, பிடித்தால் கையில் எடுத்து, எந்தப் பதிப்பகத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்பந்தம் பேசித் தருகிறவர்.

"வீட்டுக்கு புரோக்கர் உண்டு, பழைய காருக்கு புரோக்கர் உண்டு. கதைக்குமா?" என்றார் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. எதையும் ஒருமுறை தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

பம்பரம் அதற்குள் இணையத்தில் கிடைத்த முகவர் முகவரிகள் அத்தனைக்கும் ஒரே காலையில் நாவலை அனுப்பிவிட்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரே கடிதம், மேலே பெயர் மட்டும் வேறு. 'என் குடும்பத்தார் அனைவரும் விரும்பிப் படித்த நாவல்' என்று அதில் ஒரு வரி. குடும்பத்தில் ஒருவரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. கணவருக்குக் கதை படித்தால் கொட்டாவி வரும். அக்காவிடம் அவளே காட்டவில்லை.

பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார்: 'நான் சமையல் புத்தகங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். தங்கள் நாவலில் சமையல் இருந்தால் தெரிவிக்கவும். மேலும், கடிதத்தில் உள்ள பெயர் என்னுடையது அல்ல.'

கணவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அவசரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

மறுவாரம் புத்தகக் கடைக்குப் போனாள். தன் நாவலைப் போலவே குடும்பத்தைப் பற்றிப் பேசும் நாவல்களாகத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுத்தாளர் நன்றி சொல்லும் இடத்தை மட்டும் படித்தாள். அங்கேதான் முகவரின் பெயர் இருக்கும்.

"எல்லாத்துலயும் முடிவை மட்டும் படிச்சிட்டுப் போனா யாரும்மா வாங்குறது?" என்று கடைக்காரர் முறைத்தார். அவருக்காக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை ஒரு சிலருக்குத்தான் எழுதினாள். ஒவ்வொருவருக்கும் தனிக்கடிதம்: அவர் கொண்டுவந்த எந்தப் புத்தகத்தைப் படித்தாள், தன் கதை என்ன, தான் யார். குடும்பத்தார் விரும்பிப் படித்த வரியை எடுத்துவிட்டாள். அவர்களில் ஒரு பெண்மணி முதல் மூன்று அத்தியாயங்களைக் கேட்டார். பிறகு முழு நாவலையும் கேட்டார். பிறகு கிணற்றில் போட்ட கல்தான்.

காத்திருப்பது பம்பரத்துக்கு வராது. ஆனால் அவள் பார்த்த வேலையோ அடுத்தவரைக் காத்திருக்கச் சொல்லும் வேலை. லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்புப் பிரிவில் இருந்தாள். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அமுக்குவார், அது இவள் காதில் வந்து ஒலிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்து அவரைப் பதறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே, காலை ஆட்டிக்கொண்டே, குரலை மட்டும் தண்ணீர் போல வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள்.

அன்று ஒரு சாமான் லிஃப்ட்டில் மெத்தையோடு மாட்டிக்கொண்ட ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி மேசைமேல் நடுங்கியது. புது எண்.

"மேடம், இருக்கீங்களா? இருட்டா இருக்கு மேடம்."

"இருக்கேன் சார். எங்கயும் போகல. மெத்தை மேலயே உட்காருங்க. மெக்கானிக் கட்டடத்துக்குள்ள வந்துட்டார்."

கைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அது முகவராகத்தான் இருக்கும் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. எடுக்க முடியாது. மெத்தைக்காரர் வெளியே வந்து நன்றி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். மாடிப்படிக்கு ஓடிப்போய் அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

முகவர்தான். ஆனால் அந்தப் பெண்மணி அல்ல. முதலில் கண்மூடித்தனமாக அனுப்பிய கூட்டத்தில் ஒருவர்.

"அற்புதமான நாவல்ங்க! இப்படி ஒரு எழுத்தை நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு! உடனே ஒப்பந்தம் போட்டுரலாம். வேற யார்கிட்டயும் பேசிடாதீங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கட்டிலேயே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அக்கா அடுத்த தெருவில் சலவைக் கடை வைத்திருந்தாள். மாலைக்குள் கடைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பம்பரம் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா கேக்கை வெட்டியே வைத்திருந்தாள்.

"என் தங்கச்சி எழுத்தாளர்!" என்று கணவரின் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள் அக்கா. "நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வந்தா என்னையும் பக்கத்துல நிக்க வைடி."

பம்பரம் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தாள். நாவலில் ஒரு அக்காவும் தங்கையும் வருகிறார்கள். அது இந்த அக்காவுக்குத் தெரியாது.

ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது, அச்செடுத்தாள். முகவர் நாவலைப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் அவள்தான் முன்பணம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கணவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உன்கிட்டயே வாங்கிக்கிட்டார்னா அப்புறம் இதை விக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?"

"எல்லாரும் அப்படித்தான் வாங்குவாங்க போல."

"விசாரிச்சியா?"

அவள் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பயந்தாள். யாரோ ஒருவர் 'வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார், அது கையை விட்டுப் போய்விடக் கூடாது. மறுநாள் வரை வீட்டுக்குள்ளேயே நடந்தாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள். கடைசியில், கையெழுத்துப் போடும் முன் ஒரு நல்ல வார்த்தையைக் காதால் கேட்டுவிடலாம் என்ற ஆசையில்தான் அவரைக் கூப்பிட்டாள்.

"சார், நாவல்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?"

"என்னங்க கேள்வி இது? அந்த அப்பா சாகிற இடம்தான். கண்ணு கலங்கிடுச்சு."

அவளுடைய நாவலில் அப்பா சாகவில்லை. கடைசி அத்தியாயத்தில்கூட ஸ்டூல்மேல் ஏறித் திரைச்சீலைக்குக் கம்பி மாட்டிக்கொண்டு, ஆணி இறங்கவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, "அப்பாவைக் கொன்னுட்டான்" என்றாள். கணவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரிக்கக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்றான பிறகு, முழு நாவலையும் கேட்டு வாங்கிய பெண்மணிக்கு நான்கு வரி நினைவூட்டல் எழுதினாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்.

பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டு அறை. நாற்காலிகளில் எல்லாம் காகிதக் கட்டுகள். முகவர் ஒரு கட்டைத் தரையில் இறக்கிவைத்து இடம் கொடுத்தார். அவளுடைய நாவல் மேசையில் இருந்தது, ஓரங்களில் பென்சில் கிறுக்கலோடு. தன் எழுத்தின்மேல் இன்னொருவர் கை பட்டிருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

"தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க. ரெண்டு தடவை படிச்சேன். முதல் பாதி எனக்குத் தூக்கம் வரல. அப்புறம் தூக்கம் வந்துடுச்சு."

"எங்க மேடம்?"

"அந்த அக்கா காணாமப் போற இடத்துல. ஜோரா வாய் பேசிக்கிட்டு இருந்தவங்க, திடீர்னு ஒரு அத்தியாயத்துல வெளியூர்ல வேலை கிடைச்சுப் போயிடறாங்க. திரும்பி வரும்போது வேற ஆளா வர்றாங்க. நடுவுல என்ன ஆச்சு? உங்களுக்குத் தெரியுது, சொல்ல மாட்டேங்கறீங்க."

பம்பரத்தின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"அதை எழுதினீங்கன்னா திரும்பக் கொண்டு வாங்க. எடுத்துக்கறேன்னு இப்பவே வாக்குக் கொடுக்க மாட்டேன். படிக்கறேன்னு கொடுக்கறேன். எழுத வேண்டாம்னு தோணிச்சுன்னா அதுவும் உங்க இஷ்டம். வேற முகவருக்கு இதே பிடிச்சாலும் பிடிக்கலாம்."

வீட்டுக்குப் போகவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தாள். நடுவில் என்ன ஆயிற்று என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அக்கா ஒருநாள் காலையில் கணவனின் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு கிளம்பி வந்துவிட்டாள். அவருக்கு வெளிநாட்டில் வேலை, அதனால்தான் இவள் இங்கே இருக்கிறாள் என்று குடும்பமே ஊருக்குச் சொன்னது. அக்காவும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. யாரும் அதை நகர்த்துவதில்லை.

சலவைக் கடையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு பெரிய படுக்கை விரிப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தே. அந்தப் பக்கம் பிடி."

பம்பரம் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள். கையில் விரிப்பு இருக்கும்போது எங்கும் ஓட முடியாது.

"அக்கா, கதையில ஒரு அக்கா வர்றா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் என்கிட்ட முதல்ல காட்டுறவ, இதை மட்டும் காட்டலயே. சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்? நம்ம சட்டியில வேற என்ன இருக்கு?" அக்கா விரிப்பை உதறினாள். "இழுத்துப் பிடிடி."

"நீ வந்த அந்த நாளை நான் எழுதல. அங்கதான் கதை படுத்துருச்சுன்னு பெயிண்ட் கடைக்கு மேல இருக்கற முகவர் அம்மா சொல்றாங்க. வேண்டாம்னா சொல்லு, எழுத மாட்டேன். வேற எதையாவது எழுதிக்கறேன்."

அக்கா அருகில் வந்து முனைகளை வாங்கி மடித்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எழுதினா, நான் அழுத மாதிரி எழுதுவியா?"

"நீ அழுதிருப்பேன்னுதான் நினைச்சேன்."

"அழல. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வீட்டுக்கு வரல நான். பஸ் ஸ்டாண்டுல பெண்கள் காத்திருக்கற அறை இருக்கே, அங்க பெஞ்சில படுத்துத் தூங்கினேன். யாரும் எழுப்பல. கல்யாணத்துக்கப்புறம் அப்படித் தூங்கினதே இல்ல. எழுந்தப்ப கன்னத்துல தலைக்கு வச்ச பையோட தையல் அச்சாப் பதிஞ்சிருந்துச்சு. அம்மா அதைப் பார்த்துட்டுத்தான் அவன் அடிச்சுட்டான்னு நினைச்சு அழுதாங்க. நான் இல்லன்னு சொல்லல. சொல்லியிருந்தா, அப்ப ஏன் வந்தேன்னு கேட்டிருப்பாங்க."

"ஏன்க்கா வந்தே?"

"அந்த வீட்டுல என்கிட்ட ஒருத்தரும் பேசல. ஒரு வார்த்தைகூட இல்ல. வருஷக்கணக்கா. இதை யார்கிட்ட போய்க் குறைன்னு சொல்றது?" அக்கா மடித்த விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "எழுது. ஆனா எழுதி முடிச்சதும் நான்தான் முதல்ல படிப்பேன். உன் பெயிண்ட் கடை அம்மா அப்புறம்."

பம்பரம் அந்த அத்தியாயத்தை எழுதினாள். அது அவள் நினைத்ததைவிட நீண்டது. முன்னால் இருந்தவற்றையும் கலைத்தது, பின்னால் வந்தவற்றையும் கலைத்தது. அழகாக இருக்கிறது என்பதற்காகவே வைத்திருந்த சில பக்கங்கள் போயின. அக்காவுக்கு முன்னாலேயே முகவருக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, அச்செடுத்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் கையில் கொடுத்தாள்.

அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். பம்பரம் அலமாரியை ஒழுங்கு செய்தாள். ஒழுங்காக இருந்ததையும் எடுத்துத் துடைத்தாள். அக்கா ஒரு பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்பக்கத்துக்குப் போனாள்.

"ஏன் திரும்பப் படிக்கறே? என்ன தப்பு?"

அக்கா படித்துக்கொண்டே இருந்தாள். பம்பரம் கணவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனாள். மூலைக் கடைவரை நடந்து எதுவும் வாங்காமல் திரும்பினாள். இன்னொரு சுற்று போனாள். அக்கா 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன செய்வாள் என்று யோசித்தாள். கொடுத்த வார்த்தைப்படி நாவலை மடித்து உள்ளே வைப்பாள். அதை நினைத்ததும் நடையை வேகமாக்கினாள். ஆனாலும் அதைச் செய்வாள். முகவர் ஏற்பாரா, பதிப்பகம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தச் சமயத்தில் எங்கோ தூரத்தில், வேறு யாருடையவோ கவலை போல இருந்தன.

உள்ளே வந்தபோது படித்து முடித்த கட்டு தரையில் உயர்ந்திருந்தது. மடியில் இருந்தது கொஞ்சம்தான். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"ஷ்ஷ்" என்றாள் அக்கா, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா ஸ்டூல் மேல ஏறியிருக்கார். நீ போய் டீ போடு."