தூங்கவைத்த மடிக்கணினி

மதியச் சாப்பாடு முடிந்து வந்து மடிக்கணினியைத் திறந்த வக்கீலம்மா, திரையின் ஓரத்தில் ஒரு சிறிய அறிவிப்பைப் பார்த்தார். புதிய கருவி ஒன்று இணைக்கப்பட்டதாம். அவர் எதையும் இணைக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டார்.

அந்த அலுவலகத்துக் கணினிகளைப் பாதுகாப்பதுதான் நாத்தனாரின் வேலை. அண்ணி நடத்தும் அலுவலகம் என்பதால் சம்பளம் மாதம் ஒருமுறையும் குத்தல் பேச்சு தினமும் கிடைக்கும். அன்று அண்ணியின் முகத்தில் குத்தல் இல்லை.

"இத முழுசா ஆஃப் பண்ணிட்டுப் போனீங்களா அண்ணி, சும்மா மூடி வெச்சிட்டுப் போனீங்களா?"

"மூடித்தான் வெச்சேன். அதான் பாஸ்வேர்டு இருக்கே."

வாசலில் உட்காரும் பெண்ணை விசாரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வக்கீலம்மாவின் அறையில் ஏசி பார்க்க ஒருவர் வந்ததாகவும், கட்டட நிர்வாகம் அனுப்பியதாகச் சொன்னதாகவும், மிகவும் மரியாதையான மனிதர் என்றும் அவள் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாராம். ஏசியில் கோளாறு என்று அங்கே யாருமே புகார் செய்திருக்கவில்லை.

நாத்தனார் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கணினியில் இருக்கும் கோப்புகள் எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கப்பட்டவைதான். ஆனால் மூடிவைத்த கணினி தூங்கத்தான் செய்கிறது. கோப்புகளைத் திறக்கும் சாவி அப்போதும் அதன் நினைவகத்தில் இருக்கும். பக்கவாட்டில் உள்ள, மானிட்டர் செருகும் வேகமான போர்ட்டில் எதையாவது செருகினால், அது கடவுச்சொல் பக்கமே போகாமல் நேரே நினைவகத்தைப் படித்துவிடும். அதற்காகத்தான் அவள் ஒரு தடுப்பு போட்டிருந்தாள். உரியவர் திரையைத் திறந்து அனுமதி கொடுக்காதவரை, செருகிய கருவியால் நினைவகத்தைத் தொட முடியாது.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தடுப்பு எடுக்கப்பட்டிருந்தது.

"இத யாரு எடுத்தது?"

வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க அண்ணன்தான். வீட்டுல பெரிய மானிட்டர்ல படம் வரலன்னு நோண்டிக்கிட்டிருந்தாரு. பாஸ்வேர்டு கேட்டாரு, நானும் குடுத்துட்டேன்."

அண்ணனைத் திட்ட நேரமில்லை. இருவருக்கும் ஒரே ஆளின் நினைவுதான் வந்தது. தொழிற்சாலை தீப்பிடித்தபோது உள்ளே ஆட்கள் இருக்க, வெளியே கதவைப் பூட்டச் சொன்னது யார் என்று கண்ணால் பார்த்த லாரி டிரைவர்; வக்கீலம்மாவின் வழக்கில் முக்கிய சாட்சி. அவர் எங்கே மறைவாகத் தங்கியிருக்கிறார் என்பது அந்த மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

வக்கீலம்மா ஸ்பீக்கரில் அவருக்குப் போன் போட்டார். டிரைவர் உடனே எடுத்தார். குரல் நிம்மதியாக இருந்தது.

"சொல்லுங்கம்மா. நீங்க அனுப்பின ஆளுங்க வந்துட்டாங்க. கீழ கார்ல இருக்காங்க. துணிமணி எடுத்துட்டு இதோ இறங்குறேன்."

நாத்தனார் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, நாங்க யாரையும் அனுப்பல. எல்லாத்தையும் போட்டுட்டு பின்பக்கமாப் போயிடுங்க. போன வெக்காதீங்க."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. செருப்பு தடதடவென்று படியில் இறங்கியது. தூரத்தில் யாரோ டிரைவரைப் பெயர் சொல்லி, வெகு அன்பாகக் கூப்பிட்டார்கள். அதோடு இணைப்பு அறுந்தது.

போலீசுக்குச் சொன்னார்கள். பிறகு இருவரும் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டிரைவர்தான். ஏதோ ஒரு கடையிலிருந்து பேசினார். உயிரோடு இருக்கிறார் என்றதும் வக்கீலம்மா அழுதேவிட்டார். ஆனால் டிரைவரின் குரலில் மதியம் பேசிய ஆள் இல்லை. இனி சாட்சி சொல்ல வரமாட்டேன், தன்னைத் தேடவும் வேண்டாம் என்றார்.

"உங்க மேல கோவமில்லம்மா. நான் உங்ககிட்ட சொன்னத எல்லாம் அந்தக் கார்ல வந்தவன் அப்படியே திருப்பிச் சொன்னான். எம்பொண்ணு படிக்கிற ஸ்கூல் வரைக்கும். அதக் கேட்டுத்தான் உங்க ஆளுன்னே நம்பினேன்."

வைத்துவிட்டார்.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, இதுல வேற யார் யார் விவரம் இருக்கு?"

வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து இன்னொரு சாட்சியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.