6038 என்று முடியும் கணக்கு

…அதுவும் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பிக்கிறது, அன்பு என்று ஆரம்பித்த எந்தச் செய்தியும் இதுவரை எனக்கு நல்லது செய்ததில்லை, மறுபடி படிக்கிறேன், போன் மேஜைக்குக் கீழே தொடைமேல் இருக்கிறது, மேலே நோட்டில் பேனா அதுபாட்டுக்கு ஏழாவது பெயருக்கு நேராகக் கோடு போடுகிறது… 6038 என்று முடியும் உங்கள் கணக்கிலிருந்து கடந்த முப்பது நாட்களில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குச் செய்த செலவு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளது, இத்தகைய செலவுகளை நிறுத்திவைக்க 1 என்று பதில் அனுப்பவும், உங்கள் நலனில் அக்கறையுடன். அக்கறைக்கு நன்றி, ஆனால் உங்கள் என்றால் யாருடைய? என் நம்பரில் நாலு வீட்டுக் கணக்கு தொங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் வங்கிக்காரர்கள் எங்கள் குப்பத்துக்கே வந்து முகாம் போட்டபோது, போன் நம்பர் என்ற கட்டத்தில் வந்து எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள், ஆஃபருக்கு ஆஃபர் சிம் மாற்றுகிற ஊரில் யாருக்குத் தன் நம்பர் ஞாபகம் இருக்கும், "தீனா நம்பரே போடு சார், படிக்கிற புள்ள, மாத்த மாட்டான்" என்று ஆரம்பித்து வைத்தவர் என் நைனாதான், அதைக் கேட்டு அடுத்தடுத்து மூன்று பேர் அதையே சொன்னார்கள், அன்றிலிருந்து நாலு வீட்டின் வரவும் செலவும் என் சட்டைப் பையில் அதிர்கின்றன, நான் எதையும் படிப்பதில்லை, படித்தால் பி.காம். மாணவன் என்ற கௌரவம் போய்விடும். இன்று மட்டும் ஏன் படித்தேன்? படிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன், இந்த நாலு வீட்டில் ஒரு வீடு ஆடுகிறது, அந்த வீட்டு ஆள் இங்கே, இதே கொட்டகையில், ஏதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எதுவும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே என்பது மீன் ஏலம் விடுகிற கொட்டகை, இன்று ஏலம் கிடையாது, இன்று பாடு பிரிக்கும் நாள், ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முப்பத்தோரு வீடும் சீட்டுக் குலுக்கி எடுக்கிற நாள், முகத்துவாரத்துப் பக்கம் கிடைத்தவன் மகளுக்குக் கல்யாணம் பேசுவான், சேற்றுப் பக்கம் கிடைத்தவன் வருடம் முழுக்க மகளின் முகத்தைப் பார்க்க மாட்டான், இப்படி ஒரு வருடச் சோறு எழுதியிருக்கிற துண்டுக் காகிதத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும், ஏரித் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் குடத்தில் கையை விட்டு, "என் வூட்ல யாரும் காசு வச்சி ஆடறதில்ல" என்று சொல்ல வேண்டும், சொன்னவர் பெயருக்கு நேராக நான் நோட்டில் கோடு போட வேண்டும். ஏரி முப்பதடி தூரத்தில் இருக்கிறது, அதிலேயே கையை விடலாம், ஆனால் வெயில். இந்தச் சத்தியம் இந்த வருடம்தான் வந்தது, போன வருடம் கேசவண்ணன் போனில் ரம்மி ஆடிப் படகு என்ஜினை விற்றார், மாட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார், ஆடினவன் வீட்டுக்கு ஒரு வருடம் பாடு கிடையாது என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது, அந்தத் தீர்மானத்தைச் சொன்னது நைனா, அழகான கையெழுத்தில் எழுதியது நான், இன்றைக்கு கேசவண்ணன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆக நான் இப்போது எழுந்து 6038 என்று சத்தமாகச் சொன்னால் ஒரு வீடு தார்ப்பாய் கட்டப் போகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த ஆள் சீட்டு எடுத்து, முகத்துவாரம் அடித்து, அதையும் போனில் போட்டு… சரி, யாரவன்?

அஜித்குமார். சந்தேகமே இல்லை, கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் அஜித்குமார்தான், தவணையில் புது பைக், கண்ணாடி ஒட்டின போன், பேசிக்கொண்டே இருக்கும்போது போனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம், இதோ பதினோராவதாக வருகிறான், குடத்தில் கையை விடுகிறான், "என் வூட்ல… யாரும்… காசு வச்சி…" நின்றுவிட்டான், பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னாடா, தாலி கட்டச் சொன்னா மாரி நடுங்கறே!" கொட்டகையே சிரிக்கிறது, "தண்ணி ஜில்லுனு கீதுண்ணா" என்கிறான், சித்திரை வெயிலில் எந்தத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சுட்டால் நம்பலாம்… "ஆடறதில்ல" என்று கடைசியில் முழுங்கி முடித்துச் சீட்டையும் எடுத்துவிட்டான். நான் அவன் பெயருக்கு நேராகக் கோடு போடுகிறேன், கோடு கொஞ்சம் கோணலாக விழுகிறது. முந்தின பத்துப் பேரும் தெளிவாகத்தானே சொன்னார்கள், குரல் தடுக்கியது இவன் ஒருவனுக்குத்தானே, ஆனால் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது சரியில்லை, ஆதாரம் வேண்டும், ஆதாரம் என் போனிலேயே இருக்கிறதே, மூன்று வருடக் குப்பை… தள்ளிப் பார்க்கிறேன், பைக் தவணை பிடித்த செய்தி, 7150 என்று முடியும் கணக்கு. சே. அஜித்குமார் யோக்கியன். இவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"இன்னா தீனா, மேஜைக்கு அடில எவளோட பேசினு கீற?" டீ வந்துவிட்டது, டீயோடு திரௌபதி அக்காவும், கொட்டகைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர், இவர் கணக்கும் என் நம்பரில்தான். "பேங்க்குக்கா." "அத்தினி அழகா அது?" என்றுவிட்டு டம்ளரை நோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறார், கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற மத்தியானங்கள் இவருக்குத்தான் அதிகம், சும்மா உட்கார்ந்திருப்பவர்களைத்தானே அந்த ஆப்கள் தேடுகின்றன, இருக்கலாம், இவரேதான்… கேஸ் மானியம் வந்த செய்தி, 2291. இல்லை. அப்படியென்றால் கேசவண்ணன் திருந்தவில்லையா, குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் அபராதம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் அபராதம், வங்கி அவரோடு மாதம் தவறாமல் தொடர்பில் இருக்கிறது, 4406. இல்லை. மிச்சம் ஒருவர். எதிரே பஞ்சாயத்தார் வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தீர்மானத்தைச் சொன்ன அதே வாயைத் துடைத்துக்கொண்டு… நைனா. விரல் ஏன் இவ்வளவு மெதுவாகத் தள்ளுகிறது. நைனாவிடம் இருப்பது பொத்தான் போன், அதில் ஆட வேண்டுமானால் பாம்பு விளையாட்டுதான் ஆடலாம், ஆனாலும் யாரைச் சொல்ல முடியும்… மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவு வைக்கப்பட்டது, 3318. நைனா இல்லை. சரி. நாலும் இல்லை. அப்படியென்றால் என் நம்பரில் ஐந்தாவதாக ஒருவன் இருக்கிறான், எனக்குத் தெரியாமல் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான், எவ்வளவு தைரியம்.

பதினாலு. பதினைந்து. போனில் படங்களைத் தள்ளுகிறேன், முகாமில் யார் யார் வரிசையில் நின்றார்கள் என்று ஒரு படம் எடுத்த ஞாபகம், அது கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பாஸ்புக்கின் முதல் பக்கம் வருகிறது, உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுவதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தது, உதவித்தொகை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, வந்து சேரவில்லை, அதனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே… பாஸ்புக்கில் ஒரு புகைப்படம், எண்ணெய் வழிகிற தலை, கண்ணை மூடப்போகிற நேரத்தில் பிடித்த முகம், திருடன் மாதிரியே இருக்கிறான், அதற்கு மேலே எண், கடைசி நாலு, 6038. மறுபடி பார்க்கிறேன். 6038. அந்தத் திருடன் நான்தான். நான் ஆடவில்லை, எனக்குத் தெரிந்து ஆடவில்லை, தூக்கத்தில் ஆடுவார்களா? அந்தக் கணக்கின் கார்டைக்கூட நான் கண்ணால் பார்த்தது ஒரே தடவை, தபாலில் வந்தது, அம்மா வாங்கினாள், "தொலைச்சிடுவே, என்கிட்ட இருக்கட்டும்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டாள்… பிஸ்கட் டப்பாவில்.

டிஷ் ரீசார்ஜ். ஐயோ, டிஷ் ரீசார்ஜ். "தீனா, டிஷ்ஷுக்குக் கட்றேன், ஒரு நம்பர் வரும் பாரு, சொல்லு", கல்லூரியில் பதினோரு மணி வகுப்பில், பொன்னேரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, கேன்டீனில், எங்கே இருந்தாலும் ஆறு எண்ணையும் பார்த்துச் சொல்வேன், எண்ணுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன், முந்நூறு ரூபாய், இருநூறு, ஐந்நூறு, பெறுபவர் பெயர் ஏதோ கேம்ஸ், நடுநடுவே ரொக்கமாகக் கட்டிய வரவு, நைனா வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற மீன் காசாகத்தான் இருக்கும், பங்குனியில் மட்டும் பதினாலு தடவை, ஒரு மாதத்தில் பதினாலு தடவை டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற குடும்பத்தில் பிறந்து, அதில் எதுவும் எனக்கு உறுத்தவில்லை, வணிகவியல் இரண்டாம் ஆண்டு. நைனா விடிய விடிய ஏரியில் நின்றுவிட்டு வந்து தூங்குகிற நேரம் அந்தப் பதினோரு மணி. என் பழைய போன் அம்மாவிடம்தான் இருக்கிறது, பாட்டு கேட்க என்று கேட்டு வாங்கினாள், என்ன பாட்டு கேட்டாள்? செல்வம்மாள் என்கிற என் அம்மா, காய்கறிக்காரனிடம் கால் மணி நேரம் நின்று கறிவேப்பிலை ஓசியில் வாங்குகிறவள், அவளா? யாராவது அவளைக் கூப்பிட்டு, ஏமாற்றி… இல்லை, அந்தக் குரலை நினைத்துப் பார்க்கிறேன், "சொல்லு சொல்லு, சீக்கிரம்", சீரியல் போய்விடும் என்கிற அவசரம் என்று நினைத்திருந்தேன். இந்தக் குடத்தில் அம்மாவின் கை வரப்போவதில்லை, தலைக்கட்டு ஆண்கள்தான் வீட்டுக்காகச் சொல்ல வேண்டும், பெண்களிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எழுதின எனக்கும்தான்.

பதினெட்டு முடிந்தது. அடுத்த பெயரை நான்தான் படிக்க வேண்டும், "பத்தொம்போது… கோதண்டம்", சொந்த அப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு இரண்டு பேர் சிரிக்கிறார்கள், நைனா எழுந்து வருகிறார், குடத்துக்குப் போகாமல் மேஜைக்கு வருகிறார், நோட்டைப் பார்ப்பது மாதிரி குனிகிறார், வாயில் வெற்றிலை வாசனை, "தீனா, நிறுத்திட்டியா?" எனக்குப் புரியவில்லை, "இன்னாத்த நைனா?" "அதான்டா, போன்ல ஆடறத. உங்கம்மா எல்லாத்தியும் சொல்ட்டா. போன மாசமே பேங்க்குலேந்து உன் பேருக்குத் தபால் வந்துச்சாமே. உன்ன ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கினா, வயசுப் புள்ள, எதனா பண்ணிக்கினா இன்னா பண்றதுன்னு. நானும் கேக்கல. இப்ப தண்ணில கைய வைக்கணுமேடா… நிறுத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்." அப்படியென்றால் ஒரு மாதமாக இந்த மனிதர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியது, காலையில் என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து காசை எண்ணிக் கையில் வைத்தது, நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தது… காலையிலிருந்து நான் பதினெட்டு பேரைப் பார்த்த பார்வையில் இவர் என்னை ஒரு மாதமாகப் பார்த்திருக்கிறார். வங்கிக்கும் நான்தான் சூதாடி, நைனாவுக்கும் நான்தான், சாட்சி சொன்னது அம்மா. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி பின்ன யாரு, அதற்குப் பதில் சொன்னால் ஒரு வருடம் பாடு போகும், அதைவிட, இந்த முகம்…

"நிறுத்திட்டேன் நைனா." எவ்வளவு சுலபமாக வந்தது, தடுக்கவே இல்லை. அவர் தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியது, "ம்" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குடத்துக்கு நடக்கிறார், நாலு எட்டு, நான் மேஜைக்கு அடியில் 1 என்று தட்டுகிறேன், அனுப்புகிறேன், சின்ன வட்டம் சுற்றுகிறது, இந்தக் குப்பத்தில் சிக்னல் கரையேறுவதற்கு யாரிடம் சத்தியம் பண்ண வேண்டுமோ, அவர் சட்டைக் கையை மடிக்கிறார், போ, போ, அவர் வாய் திறப்பதற்குள் போய்விட்டால் அவர் சொல்வது பொய்யாகாது, வட்டம் சுற்றுகிறது, கை தண்ணீருக்குள் போய்விட்டது, "என் வூட்ல யாரும் காசு வச்சி ஆடறதில்ல!" ஏரி வரைக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு தெளிவு, காலையிலிருந்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. குனிந்து பார்த்தால் போய்விட்டிருக்கிறது, "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, பொறுப்பான முடிவுக்குப் பாராட்டுகள்", எது முதலில் போனது, அவர் வார்த்தையா என் ஒன்றா, தெரியவில்லை. அவர் பெயருக்கு நேராகக் கோடு போடுகிறேன். அந்தத் தெளிவுக்கு அடியில் இருப்பது என் ஒரு வார்த்தை, அப்படியென்றால் இதற்கு மேலே இருக்கிற பதினெட்டுக் கோட்டுக்கும் அடியில் யார் யாருடைய வார்த்தை இருக்கிறதோ, அஜித்குமாருக்கு மட்டும் அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் கிடைக்கவில்லையோ… நைனா சீட்டைப் பிரிக்கிறார், முகத்துவாரம், விசிலடிக்கிறார்கள், கோதண்டம் வெட்கப்பட்டுச் சிரிப்பதை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தொடைமேல் போன் அதிர்கிறது, அம்மா. மணி பதினொன்று. எடுத்துக் காதில் வைத்துத் தலையைக் குனிந்துகொள்கிறேன். "தீனா, ஒரு நம்பர் வரணும், வந்துச்சா பாரு." "வரலம்மா." "நல்லா பாரு, கரன்ட் பில்லு." "இனிமே வராதும்மா." அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டு ஓய்கிறது, ஏன் என்று கேட்பாள் என்றிருந்தேன், அவள் கேட்டது வேறு. "உங்க நைனா சொல்ட்டாரா?" "சொல்ட்டாரு." "தடுமாறாம?" "தடுமாறாம." "பாடு?" "முகத்துவாரம்." "ம்… அப்ப சரி" என்று வைத்துவிட்டாள், அவ்வளவு சீக்கிரத்தில் என் அம்மா எதற்கும் சரி சொன்னதில்லை, அது இனிமேல் தொட மாட்டேன் என்கிற சரியா, முகத்துவாரம் கிடைத்துவிட்டதே என்கிற சரியா, அந்த பிஸ்கட் டப்பாவில் நைனாவின் கார்டும்தானே கிடக்கிறது, அதற்கும் நம்பர் வருவது என் போனுக்குத்தானே… "இருவதாவது யாரு, படிடா!" என்று கத்துகிறார்கள், நான் நோட்டைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.