ஒரு மீட்டர் கடல்

காலையிலிருந்து உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், அடுப்படிக்குப் போகிறேன், திரும்பவும் ஜன்னல். வடமேற்குப் புயல், மூன்று மணிக்குக் கடல் ஏறும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தான். சனியன், ஒரு தடவை சொன்னால் போதாதா?

எங்கள் யூட்லாந்துக் கரையில் கடலை மறிப்பது மணல்மேடுதான். அதில் என் ஜன்னலுக்கு நேரே ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். போன மார்ச்சில் வெட்டியது நான்.

வேறென்ன செய்வது? மூன்று அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுத்தான் பிழைக்கிறேன். 'கடல் தெரியும் என்றார்கள், புல்தான் தெரிந்தது' என்று ஒரு ஜெர்மன்காரி இணையத்தில் எழுதி மானத்தை வாங்கிவிட்டாள். மேட்டை வளர்த்தவள் சிக்னே. என் வீட்டுக்குப் பின்னால், தாழ்ந்த புல்வெளியில் சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போட இடம் வாடகைக்கு விடுகிறவள். ஒவ்வொரு ஜனவரியிலும் வீடு வீடாகப் போய்ப் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வாங்கி, மேட்டடியில் வரிசையாகப் படுக்கவைப்பாள். காற்றில் வரும் மணல் கிளைகளில் தங்கும், அப்புறம் புல் பிடித்துக்கொள்ளும். என் மரத்தையும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பிறகு பதினோரு விடியற்காலைகள் மண்வெட்டியோடு போய், அவள் சேர்த்ததையெல்லாம் வாரி எறிந்தேன். காற்று அரித்துவிட்டது என்று ஊர் நம்பியது.

"குன்வோர்! வெளிய வாடி!"

சிக்னேதான். தள்ளுவண்டி நிறைய மணல் மூட்டை.

"உன் வாசலுக்கு முதல்ல அடுக்குவோம். மரமாட்டம் நிக்காத, பிடி."

"உன் இடத்துக்கு?"

"எனக்கு என்ன, புல்லும் நாலு கழிப்பறையும். உனக்கு வீடே போயிடும்டி."

அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சிக்னே, அது காத்து இல்ல. நான்தான் வெட்டினேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும். காத்து என்ன நூல் பிடிச்சா வெட்டும்?"

"அப்புறம் ஏன்டி வாய மூடிட்டு இருந்த?"

"அந்தப் பள்ளம் வழியா என் கூடாரத்துக்கும் கடல் தெரிஞ்சுதே. ஜூலை முழுக்க ஒரு இடம் காலி இல்ல." அடுத்த மூட்டையை இறக்கினாள். "இந்தத் தடவை மேடு முழுக்க மரம் போட்டேன். அங்க மட்டும் போடல. நீ பாக்கலையா?"

பார்த்தேன். நல்லவேளை, மறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

மூட்டைகளைத் திரும்ப வண்டியில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினோம். பாதிகூட அடுக்கவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். என் வாசற்படியை ஒட்டி ஓடிய கடல், சரிவைக் கண்டதும் நேரே அவள் புல்வெளியில் இறங்கியது. ஒரு கழிப்பறைக் கதவு மிதந்து போனது.

"ஈஸ்டருக்கு இருபத்தெட்டுப் பேர் பதிவு பண்ணியிருக்காங்க. கடல் தெரியும்னுதான் வர்றாங்க. அவங்களுக்கு என்னடி எழுதறது?" என்றாள்.

அவள் கையை நான் விடவில்லை.